வாஷிங் மெஷின் குழாயிலிருந்து இருட்டறை சிங்க்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துணி துவைக்கும் அறையில் ஒரு பாதியை இருட்டறையாக்கி, கறுப்பு வெள்ளைப் படங்களை வீட்டிலேயே கழுவி அச்சிட்டு வருகிறேன். பார்க்க வருகிறவர்கள் நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜர் முன்னால் ஒரு நிமிடம் நிற்பார்கள். அப்புறம் குனிந்து சிங்குக்கு அடியில் எட்டிப் பார்ப்பார்கள். "தண்ணி எங்கிருந்து எடுத்தீங்க, எங்க விடுறீங்க?" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். அப்படிக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சுவருக்குள் போகும் வேலைகளுக்கு உங்கள் ஊர் விதிகளைத் தெரிந்த பிளம்பரை ஒரு முறை கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள்.

இருட்டறைக்குள்ள ஓடுற தண்ணி இல்லாம முடியாதா?

முடியும். படத்தை வரவைக்கும் டெவலப்பர், அதன் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத், படத்தை நிலைக்க வைக்கும் ஃபிக்சர் மூன்றும் ட்ரேயில் நிற்கும் கரைசல்கள். அவற்றுக்கு ஓடும் தண்ணீர் வேண்டாம். ஃபிக்சரிலிருந்து எடுத்த அச்சை ஒரு வாளித் தண்ணீரில் போட்டு வைத்து, எல்லாம் முடிந்ததும் குளியலறைக்குக் கொண்டுபோய்க் கழுவலாம். பல வருடங்கள் அப்படித்தான் செய்தேன். ஃபிலிமையும் மூடிய டாங்கில் போட்டுவிட்டால் வெளிச்சத்திலேயே எந்தக் குழாயடியிலும் கழுவலாம்.

சிங்க் இருந்தால் தரையில் சொட்டுவது நிற்கிறது, கையை உடனுக்குடன் கழுவ முடிகிறது, ட்ரேக்களை இருக்கும் இடத்திலேயே காலி செய்ய முடிகிறது. ஃபிக்சர் பட்ட விரலோடு புதுத் தாளைத் தொட்டுக் கெடுப்பது குறைந்தாலே போட்ட உழைப்புக்குப் பலன் கிடைத்துவிடும்.

வாஷிங் மெஷின் குழாய்லயே தண்ணி எடுக்கலாமா, இல்ல சுவரை உடைச்சுப் புதுசா பைப் போடணுமா?

உடைக்க வேண்டாம். சிங்குக்கு வேண்டியதெல்லாம் மெஷினுக்குப் பின்னாலேயே இருக்கிறது: குளிர்நீர்க் குழாய், பல வீடுகளில் சுடுநீர்க் குழாய், கழிவுநீர் இறங்கும் ஒரு செங்குத்துக் குழாய். இருட்டறைக்கு இந்த அறையைத் தேர்ந்தெடுப்பதற்கு முக்கியக் காரணமே அதுதான்.

தண்ணீரை உள்ளே கொண்டுவருவது ஒரு மணி நேர வேலை. வெளியே அனுப்புவதும், வந்த வழியே திரும்பிப் போகாமல் தடுப்பதும்தான் யோசித்துச் செய்ய வேண்டியவை. பளபளக்கும் மிக்சரைத் தேடும் நேரத்தில் பாதியை வடிகாலுக்குக் கொடுங்கள்.

மெஷினும் ஓடணும், சிங்க்கும் ஓடணும். ஒரே குழாய்ல எப்படிப் பிரிக்கிறது?

பித்தளையில் 'ஒய்' வடிவப் பிரிப்பான் கிடைக்கும். ஒரு பக்கம் குழாயில் திருகும். மறுபக்கம் இரண்டு வாய்கள், ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி பால் வால்வு. ஒரு வாய் மெஷினுக்கு, ஒரு வாய் சிங்குக்கு. சுடுநீர் இருந்தால் அதற்கும் இதேபோல் ஒன்று. வால்வு இல்லாத ஒய் வாங்காதீர்கள். சிங்கில் ஏதாவது ஒழுகினால், மெஷினை நிறுத்தாமல் சிங்கை மட்டும் மூட அந்த வால்வுதான் வழி.

பிளாஸ்டிக் ஒய் இரண்டு வருடத்தில் கழுத்தில் விரிசல் விடும். மெஷினின் ஹோஸ் நடுங்கிக்கொண்டே இருப்பதால் எடையும் அதிர்வும் அந்தக் கழுத்தில்தான் விழுகின்றன. பித்தளையே போட்டாலும் ஹோஸைச் சுவரில் ஒரு கிளாம்ப் வைத்துப் பிடித்துவிடுங்கள்.

டெஃப்லான் டேப்பை எவ்வளவு சுத்தினாலும் ஒழுகுது. ஏன்?

ஹோஸ் இணைப்பில் தண்ணீரை நிறுத்துவது மரை கிடையாது. நட்டுக்குள் இருக்கும் தட்டையான ரப்பர் வாஷர்தான். மரை அந்த வாஷரை அழுத்திப் பிடிக்கிறது, அவ்வளவுதான். டேப்பை அடுக்கடுக்காகச் சுற்றினால் நட்டு முழுதாக இறங்காது, வாஷர் அழுந்தாது, இன்னும் அதிகமாக ஒழுகும். பழைய வாஷரை எடுத்து விரலால் தடவிப் பாருங்கள். கல் மாதிரி இறுகியிருந்தாலோ, ஓரத்தில் ஒரு பள்ளம் விழுந்திருந்தாலோ மாற்றுங்கள். கையால் இறுக்கி, பிறகு ஸ்பேனரால் கால் சுற்று போதும். குழாய்க்குக் குழாய் நேராகச் சேரும் கூம்பு மரைகளுக்குத்தான் டேப். அங்கே மூன்று நான்கு சுற்று, இறுக்கும் திசையிலேயே.

இன்னொரு காரணம் மரையே வேறாக இருப்பது. முக்கால் அங்குலம் என்று எழுதியிருந்தாலும் இரண்டு வகை உண்டு. பிரிட்டிஷ் குழாய் மரையில் அங்குலத்துக்கு 14 சுற்று. அமெரிக்கத் தோட்டக் குழாய் மரையில் 11.5 சுற்று. ஒன்றை இன்னொன்றில் வைத்தால் ஒன்றரைச் சுற்று ஏறிவிட்டுக் கோணலாக நின்றுவிடும். பலத்தைக் காட்டாமல் சரியான அடாப்டரைத் தேடுங்கள்.

சிங்க் வரைக்கும் ஹோஸே போதுமா, பைப் போடணுமா?

இரண்டு மீட்டருக்குள் என்றால் எஃகு வலை போர்த்திய இன்லெட் ஹோஸ் போதும். வெறும் ரப்பர் ஹோஸ் வேண்டாம். எப்போதும் அழுத்தத்தில் நிற்கும் ரப்பர் வயதானதும் ஒரு நாள் பலூன் மாதிரி ஓரிடத்தில் புடைக்கும், வெடிப்பது அதற்கப்புறம். தூரம் அதிகம் என்றால் சுவரோரமாக சிபிவிசி, செம்பு அல்லது பெக்ஸ் குழாய் போடலாம். சுடுநீருக்குச் சாதா பிவிசி கூடாது, இளகிவிடும்.

எதைப் போட்டாலும் வேலை முடிந்ததும் ஒய்-யின் வால்வை மூடுவதைப் பழக்கமாக்குங்கள். சேஃப்லைட்டை (அச்சுத் தாளைக் கெடுக்காத மங்கலான விளக்கை) அணைப்பது போல அதுவும் ஒரு கடைசி வேலை.

மெஷினுக்குக் குளிர்நீர் மட்டும்தான் இருக்கு. சுடுதண்ணி இல்லாம 20 டிகிரி எப்படி வரும்?

கறுப்பு வெள்ளைக்குப் பொதுவான அளவு 20 டிகிரி. அந்தத் துல்லியம் டெவலப்பருக்குத்தான் தேவை. அது குழாயில் வருவதில்லை, ஜாடியில் கலந்து வைப்பது. கழுவும் தண்ணீர் டெவலப்பரிலிருந்து ஓரிரு டிகிரி விலகினால் ஒன்றும் ஆகாது. ஆகவே சுடுநீர் இணைப்பு இல்லாமலே காலம் தள்ளலாம். குளிர்காலத்தில் ஒரு கெட்டில் வெந்நீரைக் கலந்துகொள்ளலாம்.

சுடுநீர் இருந்தாலும் எவ்வளவு குறைவாகச் செலவாகிறது பாருங்கள். குளிர்நீர் 14 டிகிரி, சுடுநீர் 50 டிகிரி என்றால், ஐந்து பங்கு குளிர்நீருக்கு ஒரு பங்கு சுடுநீர் சேர்த்தால் 20 வந்துவிடும். பெரிய ஹீட்டர் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

எனக்குப் பிரச்சினை நேர்மாறா இருக்கு. குழாய்த் தண்ணியே 30 டிகிரில வருது.

இதற்கு எந்த மிக்சரும் உதவாது; மிக்சரால் கலக்கத்தான் முடியும், குளிர்விக்க முடியாது. டெவலப்பரைக் குளிர்வித்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டரை 30-லிருந்து 20-க்கு இறக்க ஏறக்குறைய 100 கிராம் பனிக்கட்டி வேண்டும். கட்டியை நேராகப் போட்டால் கரைசல் நீர்த்துவிடும். பையில் கட்டிப் போடுங்கள், இல்லையென்றால் ட்ரேயை ஒரு பெரிய ட்ரேக்குள் வைத்துச் சுற்றிலும் பனிக்கட்டித் தண்ணீர் விடுங்கள்.

காகிதத்தை 24 டிகிரியிலும் தாராளமாகக் கழுவலாம், டெவலப்பர் நேரத்தைக் கொஞ்சம் குறைத்தால் போதும். ஃபிலிமில்தான் கவனம் வேண்டும். 20-லிருந்து எடுத்து 30 டிகிரித் தண்ணீரில் சட்டென்று போட்டால் ஜெலட்டின் ஒரேயடியாக உப்பும். கடைசிக் கழுவலுக்கான தண்ணீரை முன்கூட்டியே இரண்டு மூன்று பாட்டில்களில் பிடித்து, டெவலப்பருக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

சாதாரண மிக்சர் போதுமா, தெர்மோஸ்டாட் மிக்சர் வாங்கணுமா?

கறுப்பு வெள்ளை அச்சுக்கு இரண்டு கைப்பிடிச் சாதாரண மிக்சரும், வாயில் தொங்கும் ஒரு தெர்மாமீட்டரும் போதும். கலர் ஃபிலிம் கழுவுகிறவர்களுக்கு டெவலப்பர் 38 டிகிரியில் நிற்க வேண்டும். அவர்களுக்கு தெர்மோஸ்டாட் மிக்சர் நிஜமாகவே உதவும். வீட்டில் யாராவது குழாயைத் திறந்து அழுத்தம் மாறினாலும் அது தானாகச் சரிசெய்துகொள்ளும்.

எந்த மிக்சர் போட்டாலும் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். மிக்சருக்கு முன்னால் சுடுநீர், குளிர்நீர் இரண்டு வழியிலும், தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு. காரணம் சொல்கிறேன். மிக்சரில் ஒரு ஹோஸ் மாட்டி, அதன் நுனியில் திறந்து மூடும் துப்பாக்கி வைத்திருப்பீர்கள். நுனியை மூடிவிட்டு மிக்சரைத் திறந்தபடி விட்டால், உள்ளே இரண்டு தண்ணீரும் சந்தித்துக்கொள்கின்றன. எதற்கு அழுத்தம் அதிகமோ அது மற்றதன் குழாய்க்குள் ஏறும். அப்புறம் குளியலறையில் சுடுநீரைத் திறந்தால் பச்சைத் தண்ணீர் வரும். வீட்டில் எல்லோரும் ஹீட்டரைக் குறை சொல்வார்கள்.

ட்ரேக்குள்ள ஹோஸைப் போட்டுத் தண்ணி விட்டா என்ன தப்பு? எல்லாரும் அப்படித்தானே செய்றாங்க?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஹோஸின் நுனி ட்ரேயில் மூழ்கியிருக்கும்போது தெருவிலோ வீட்டிலோ பிரதான குழாயில் அழுத்தம் விழுந்தால், தண்ணீர் பின்னோக்கி இழுக்கப்படும். ட்ரேயில் இருக்கும் ஃபிக்சர் கலந்த தண்ணீர் அதே ஹோஸ் வழியாக ஏறி, வீட்டின் குடிதண்ணீர்க் குழாய்க்குள் போகும். மண்ணெண்ணெய் பம்பில் வாய் வைத்து உறிஞ்சுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும், அதே தத்துவம்தான்.

மிக எளிய காப்பு காற்று இடைவெளி. குழாயின் வாய்க்கும் சிங்கின் மேல் விளிம்புக்கும் இடையே, வாயின் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு, குறைந்தது 25 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். காற்றைத் தாண்டித் தண்ணீர் பின்னால் போக முடியாது. ஹோஸ் மாட்டியே ஆக வேண்டும் என்றால் மிக்சரின் வாயில் ஒரு வாக்குவம் பிரேக்கர் திருகுங்கள். உள்ளே உறிஞ்சல் வந்ததும் அது காற்றை உள்ளே விட்டு உறிஞ்சலை முறித்துவிடும். சாதாரண வகை பிரேக்கருக்குப் பிறகு மூடும் வால்வோ துப்பாக்கியோ வைக்கக் கூடாது. எப்போதும் அழுத்தத்திலேயே நின்றால் அது வேலை செய்யாமல் ஒட்டிக்கொள்ளும். முன் பதிலில் சொன்ன நான்-ரிட்டர்ன் வால்வு இருக்கிறதே என்று இதை விட்டுவிடாதீர்கள். அதில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் போதும், முழுதாக மூடாது.

தண்ணி மெலிசாத்தான் வருது. மேல்தொட்டி வீடு.

தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரில் பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம். தொட்டி குழாய்க்கு மூன்று மீட்டர் மேலே இருந்தால் 0.3 பார்தான். பல தெர்மோஸ்டாட் மிக்சர்களுக்கு இது போதாது, வாங்குவதற்கு முன்னால் அட்டைப்பெட்டியில் குறைந்தபட்ச அழுத்தம் என்ன என்று பாருங்கள். இருட்டறைக்கு வேகமான தண்ணீர் வேண்டியதும் இல்லை. அச்சுக் கழுவ நிமிடத்துக்கு ஒன்றிரண்டு லிட்டர் ஓடினால் போதும். ஹோஸின் உள்விட்டத்தைப் பெரிதாக்கி, எல்போக்களை, அதாவது வளைவு இணைப்புகளைக் குறைத்தால் உள்ள அழுத்தம் வீணாகாது.

ஃபிலிம் கழுவ எவ்வளவு நேரம் குழாயைத் திறந்து விடணும்?

திறந்தே விட வேண்டாம். இல்ஃபோர்ட் நிறுவனம் சொல்லும் முறை ஒன்று இருக்கிறது. டாங்கில் தண்ணீர் நிரப்பி 5 முறை கவிழ்த்து நிமிர்த்திக் கொட்டுங்கள். மறுபடி நிரப்பி 10 முறை. மறுபடி நிரப்பி 20 முறை. மூன்றே டாங்க் தண்ணீரில் முடிந்துவிடும்.

பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்.சி. காகிதத்துக்கு நல்ல ஓட்டத்தில் இரண்டு நிமிடம். அந்தப் பூச்சு இல்லாத ஃபைபர் காகிதம்தான் தண்ணீரைக் கேட்கும். ஃபிக்சர் நூலிழைகளுக்குள் ஊறிப் போயிருப்பதால் வெறும் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஆகும். ஃபிக்சரைச் சீக்கிரம் வெளியேற்றும் கழுவுதுணைக் கரைசலில் பத்து நிமிடம் ஊறவைத்தால் முன்னும் பின்னும் ஐந்தைந்து நிமிடத்தில் முடித்துவிடலாம்.

மெஷின் ஓடிட்டிருக்கும்போது நான் பிரிண்ட் போடலாமா?

போடாதீர்கள். மூன்று காரணம். மெஷினின் சோலனாய்டு வால்வு திறந்து திறந்து மூடும்போது உங்கள் மிக்சரில் சூடு ஏறி இறங்கும். அது சட்டென்று மூடும் அதிர்ச்சியில் குழாய் 'டொக்' என்று அடிக்கும். அடிக்கடி கேட்டால் அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் ஒரு வாட்டர் ஹாமர் அரெஸ்டர் மாட்டுங்கள். மூன்றாவது காரணம்தான் படத்தைக் கெடுப்பது. துணி பிழியும் சுழற்சியில் தரை அதிரும், என்லார்ஜரின் கம்பம் அந்த அதிர்வை வாங்கிக்கொள்ளும். ஃபோகஸ் பார்க்க உதவும் உருப்பெருக்கியான கிரெயின் ஃபோகசரில் கண்ணை வைத்துப் பாருங்கள்: கூர்மையாக நின்ற ஃபிலிமின் வெள்ளி மணிகள் ஓரங்களில் கரைந்து, ஒவ்வொரு மணியும் இரண்டாகத் தெரியும். பத்து விநாடி எக்ஸ்போஷரில் அந்தக் கலங்கல் முழுவதும் தாளில் விழுந்துவிடும்.

துணி உலர்த்தும் மெஷினும் அதே அறையில் இருந்தால் நூல் தூசு வேறு. நெகட்டிவில் ஒட்டும் தூசு பெரும்பாலும் அதுதான். துவைக்கும் நாளும் அச்சிடும் நாளும் வேறு வேறாக இருக்கட்டும்.

சரி, சிங்க் தண்ணி வெளியே போறது எப்படி? மெஷின் கழிவுக் குழாய்லயே விடலாமா?

விடலாம். மெஷினின் கழிவு ஹோஸ் தொங்கும் செங்குத்துக் குழாய்க்குக் கீழே வளைந்த ட்ராப் ஒன்று இருக்கும், சாக்கடை நாற்றத்தைத் தடுப்பது அதுதான். பொதுவாக அந்தக் குழாய் 2 அங்குல விட்டமும், ட்ராப்புக்கு மேல் குறைந்தது 45 செ.மீ. உயரமும் கொண்டது. ஒன்றரை அங்குலக் குழாய் என்றால் மெஷினுக்கே அது மட்டுமட்டு. சிங்கையும் சேர்க்காதீர்கள்.

முதலில் உயரத்தை அளந்து பாருங்கள். சிங்கின் அடிப்பகுதி தரையிலிருந்து 90 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் வேஸ்ட் கப்ளிங்கும் வளைவும் 12 முதல் 15 செ.மீ. எடுத்துக்கொள்ளும். அதிலிருந்து குழாய் மீட்டருக்கு 2 செ.மீ. சரிந்து போக வேண்டும். ஒன்றரை மீட்டர் தள்ளிக் கழிவுக் குழாய் இருந்தால், அதன் வாய் 72 செ.மீ.க்குக் கீழே இருந்தாக வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் சிங்கை முதலில் கட்டிவிட்டு, அப்புறம் வாய் மேலே இருப்பதைப் பார்த்துக் கலங்கியவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். செங்குத்துக் குழாயை வெட்டிக் குறைக்கலாம். ஆனால் மெஷினின் ஹோஸ் எவ்வளவு உயரத்தில் தொங்க வேண்டும் என்று அதன் கையேட்டில் இருக்கும், அதற்குக் கீழே போகாதீர்கள்.

சிங்க் குழாயின் நுனி கழிவுக் குழாயின் வாய்க்குள் தளர்வாக நிற்கட்டும். சிலிக்கான் பூசி அடைக்காதீர்கள். காற்று நுழைய வழியில்லாமல் போனால், மெஷின் கொட்டும் வேகத்தில் ட்ராப்பில் நிற்கும் தண்ணீர் உறிஞ்சப்பட்டுவிடும். நாற்றம் அன்றிலிருந்தே ஆரம்பிக்கும்.

பக்கவாட்டுல 'டீ' (T வடிவ இணைப்பு) வச்சு இணைச்சேன். மெஷின் தண்ணி சிங்க்ல மேல ஏறி வருது, அண்ணா.

எனக்கும் நடந்தது. முதல் தடவை நானும் டீ போட்டுத்தான் சேர்த்தேன். ஒரு நாள் மெஷின் கழிவை வெளியேற்றும்போது, சிங்கின் வடிகால் துளையில் முதலில் ஒரு குமிழி வந்தது, பிறகு சாம்பல் நிற நுரை, பிறகு நூல் பிசிறோடு வெதுவெதுப்பான தண்ணீர். காய வைப்பதற்காகச் சிங்கிலேயே விட்டிருந்த ட்ரேக்கள் அதில் மிதந்தன. மெஷின் பம்ப் சில நிமிடங்களில் நாற்பது ஐம்பது லிட்டரைத் தள்ளுகிறது. கீழே போகும் வழியில் கொஞ்சம் அழுக்குப் படிந்திருந்தாலும் தண்ணீர் தாழ்ந்த வாயைத் தேடி ஏறும்.

முதலில் கழிவுக் குழாயைச் சுத்தம் செய்து பாருங்கள், பாதிப் பேருக்கு அதோடு சரியாகும். ஆகவில்லை என்றால் டீயை எடுத்துவிட்டு, முன் பதிலில் சொன்னபடி வாய்க்குள் தளர்வாக இறக்குங்கள். அதற்கு உயரம் போதவில்லை என்றால் சிங்குக்குத் தனி ட்ராப், தனி இணைப்பு. இதைப் பிளம்பர் செய்யட்டும்.

என் வீட்டுல கழிவுக் குழாய் சிங்கைவிட மேல இருக்கு. என்ன செய்றது?

சிங்குக்கு அடியில் ஒரு சிறு தொட்டியும் மிதவையோடு கூடிய பம்பும் வைக்க வேண்டும். துணி துவைக்கும் தொட்டிகளுக்கென்றே விற்கிறார்கள். தண்ணீர் ஓரளவு சேர்ந்ததும் பம்ப் தானாக ஓடி மேலே தள்ளிவிடும். பம்புக்குப் பிறகு ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு இல்லையென்றால் ஏற்றிய தண்ணீர் மறுபடி இறங்கி வரும். பம்பின் சுழலி பிளாஸ்டிக்காக இருக்கட்டும், காரணம் அடுத்த பதிலில். இதெல்லாம் வேண்டாம் என்றால் சிங்குக்கு அடியில் ஒரு பெரிய வாளி. வாரத்துக்கு ஒரு நாள் அச்சிடுகிறவருக்கு அது போதும். நிறைவதற்கு முன்னால் மாற்ற மறக்கக் கூடாது.

ட்ராப், பைப் எல்லாம் பித்தளைல போட்டா நல்லா உழைக்குமா?

தண்ணீர் வரும் பக்கம் பித்தளை நன்றாக உழைக்கும். போகும் பக்கம் வேண்டாம். பயன்படுத்திய ஃபிக்சரில் வெள்ளி கரைந்திருக்கிறது. அது செம்பையோ பித்தளையையோ தொட்டால் வெள்ளி அங்கே படிந்து, பதிலுக்குச் செம்பு கரைந்து போகும். கால்வனைஸ் இரும்பு இன்னும் சீக்கிரம் போய்விடும். வடிகாலில் ட்ராப் முதல் கடைசி எல்போ வரை பிவிசி போதும், விலையும் குறைவு. எஃகு சிங்க் வாங்குவதானால் 304-ஐவிட 316 ரகம் ஃபிக்சரைத் தாங்கும். 304-இல் ஃபிக்சர் காய்ந்த இடத்தில் பழுப்புப் புள்ளி விழும்.

சிங்க் எந்த அளவுல இருக்கணும்? வீட்டுல செஞ்சுக்கலாமா?

8×10 அங்குல அச்சுக்கு நான்கு ட்ரே வரிசையாக வைக்க ஒன்றரை மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம், 15 செ.மீ. ஆழம். 18 மி.மீ. ஒட்டுப்பலகையில் பெட்டி செய்து, மூலைகளில் கண்ணாடியிழைத் துணி ஒட்டி, எப்பாக்சி மூன்று பூச்சு பூசினால் வருடக்கணக்கில் நிற்கும். வடிகால் துளை இருக்கும் மூலையை நோக்கிச் சரிவு கொடுங்கள். ட்ரேக்கு அடியில் மரச் சட்டங்கள் வைத்தால் தண்ணீர் அடியில் ஓடிவிடும்.

கால்களை பலமாகச் செய்யுங்கள். வடிகால் அடைத்துக்கொண்டு 10 செ.மீ. தண்ணீர் நின்றாலே 90 கிலோ எடை.

ஃபிக்சரை அப்படியே சிங்க்ல ஊத்திடலாமா?

வேண்டாம். மேலே சொன்ன வெள்ளி லிட்டருக்குச் சில கிராம் இருக்கும், நீர்வாழ் உயிர்களுக்கு அது கேடு. தனிக் கேனில் சேர்த்து, வெள்ளி மீட்கும் இடத்திலோ அபாயக் கழிவு வாங்கும் இடத்திலோ கொடுங்கள். கேனுக்குள் எஃகுக் கம்பளியைப் போட்டு வைத்தால் இரும்பு கரைந்து வெள்ளி கறுப்புச் சேறாக அடியில் தங்கும். அந்தச் சேற்றையும் சேர்த்தே கொடுக்க வேண்டும்.

டெவலப்பரையும் ஸ்டாப் பாத்தையும் சிறு அளவில், நிறையத் தண்ணீரோடு பொதுச் சாக்கடையில் விடுவதை பல ஊர்களில் அனுமதிக்கிறார்கள். செப்டிக் டாங்க் வீடு என்றால் எந்தக் கரைசலையும் விடாதீர்கள், உள்ளே வேலை செய்யும் நுண்ணுயிர்கள் கெடும். தோட்டத்துக்குப் போகும் குழாயோடும் சிங்கை இணைக்காதீர்கள்.

ஒரே அறைல பிளீச்சும் இருக்கு, ஸ்டாப் பாத்தும் இருக்கு. பரவாயில்லையா?

இதை மெதுவாகப் படியுங்கள். துணிக்குப் போடும் குளோரின் பிளீச், ஸ்டாப் பாத்தில் இருக்கும் அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். அம்மோனியம் கலந்த ஃபிக்சரோடு சேர்ந்தாலும் நச்சு வாயுதான். மூடிய, இருண்ட, சின்ன அறையில் அது உயிருக்கே ஆபத்து. மெஷின் பிளீச் தண்ணீரைக் கொட்டியதும் கொஞ்சம் ட்ராப்பில் தங்கும். அதன்மேல் நீங்கள் ஸ்டாப் பாத்தைச் சாய்த்தால் சந்திப்பு அங்கேயே நடக்கும்.

பிளீச் பாட்டிலை அறையை விட்டே வெளியே வையுங்கள். பிளீச் போட்டுத் துவைத்த நாளில் அச்சிடாதீர்கள். அச்சிட உட்காரும் முன் இரண்டு வாளித் தண்ணீர் விட்டு ட்ராப்பை அலசிவிடுங்கள். ட்ரே கறையை எடுக்கப் பிளீச் ஊற்றும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். வெளியேற்றும் விசிறி ஒன்று எப்போதும் ஓடட்டும்.

ஃபில்டர் போடணுமா?

அச்சுக்குத் தேவையில்லை. ஃபிலிமில் மணல் துகள் ஒட்டுகிறது என்றால் குளிர்நீர் வழியில் 5 மைக்ரான் வண்டல் ஃபில்டர் வையுங்கள். அழுத்தம் கொஞ்சம் குறையும், மேல்தொட்டி வீட்டுக்காரர்கள் யோசித்துச் செய்யுங்கள். உப்புத் தண்ணீரால் விழும் வெள்ளைத் திட்டு இந்த ஃபில்டரில் போகாது. அதற்குக் கடைசி அலசலை மட்டும் காய்ச்சி வடித்த நீரில், ஈரமூட்டும் கரைசல் சில சொட்டு விட்டுச் செய்தால் போதும்.

இருட்டுல எந்தக் குழாய் எதுன்னு எப்படித் தெரியும்? கரண்ட் பயமாவும் இருக்கு.

அச்சிடும்போது சேஃப்லைட் இருக்கும்; முழு இருட்டு ஃபிலிமை ரீலில் ஏற்றும் சில நிமிடங்கள்தான், அப்போது தண்ணீரே வேண்டாம். சுடுநீர்க் கைப்பிடியில் ஒரு ரப்பர் வளையம் மாட்டிவிட்டால் விரலே சொல்லிவிடும்.

மின்சார பயம் நியாயமானது. ஈரப்பக்கம் ஒன்று, உலர்பக்கம் ஒன்று என்று அறையைப் பிரித்து, சிங்கில் ஒரு கையும் என்லார்ஜரில் ஒரு கையும் ஒரே நேரத்தில் எட்டாதபடி வையுங்கள். அறை சின்னது, முடியாது என்றால் இடையில் ஒரு தடுப்பாவது வேண்டும். மின்கசிவு 30 மில்லி ஆம்பியரானதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாமல் இந்த அறையில் எதையும் இயக்காதீர்கள். சிங்குக்குக் கீழே தரையில் எக்ஸ்டென்ஷன் பெட்டி கிடக்கவே கூடாது.

வாடகை வீடு. காலி பண்ணும்போது பழையபடி ஆக்கிடலாமா?

அரை மணி நேரத்தில் ஆக்கலாம். ஒய்-ஐக் கழற்றி மெஷின் ஹோஸை நேராகக் குழாயில் மாட்டுங்கள், சிங்க் வடிகாலை வாயிலிருந்து உருவிக்கொள்ளுங்கள். செங்குத்துக் குழாயை வெட்டுவதாக இருந்தால் மட்டும் வீட்டுக்காரரிடம் முதலில் கேளுங்கள்.

எல்லாம் மாட்டியாச்சு. சரியா இருக்கான்னு எப்படிப் பார்க்கிறது?

ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ தாளை ஒரு சுற்றுச் சுற்றி, வால்வைத் திறந்து இரவு முழுக்க விட்டுவிடுங்கள், நீங்கள் வீட்டில் இருக்கும் இரவாகப் பார்த்து. கண்ணுக்குத் தெரியாத கசிவும் தாளில் சாம்பல் நிற வட்டமாகத் தெரியும். காலையில் சிங்கின் துளையை அடைத்துப் பாதி நிரப்பி, ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். அதே நேரத்தில் மெஷினையும் கழிவு வெளியேற்றும் கட்டத்துக்குத் திருப்புங்கள். இரண்டும் ஒன்றாக இறங்கும்போது கழிவுக் குழாயின் வாயில் தண்ணீர் எட்டிப் பார்க்கவில்லை என்றால் வடிகால் தாங்கும்.

இதை முதல் நாள் மட்டும் செய்தால் போதும். மாதக்கணக்கில் அறையைத் திறக்காமல் விட்டிருந்தால், திரும்பி வந்ததும் முதல் வேலையாக சிங்கில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள். ட்ராப் வற்றியிருக்கும்.